ராணுவத்தினர் மேல் புகார் கொடுக்க வேண்டுமா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழருக்கு ஒரு வழிகாட்டி

என் சித்தப்பா மகன் டர்பனில் பக்கி என்று இங்கே சொல்லும் சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறான். மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ஊர்க் கடைகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப்போவது அவன் வேலை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், துப்பாக்கியோடு சீருடைக்காரர்கள் நான்கு பேர் வண்டியை மறித்தார்கள். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் கீழே இறக்கி, மண்ணில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் மிதித்தார்கள். படம் எடுத்தான் என்று போனைப் பிடுங்கி, தங்கள் வண்டி டயருக்கு அடியில் வைத்து ஏற்றினார்கள். அவன் இந்த நாட்டுக்கு வந்து அப்போது 14 மாதம்தான்.

"விடுங்கண்ணே, விசாவுக்கு ஏதாவது ஆயிடப்போகுது" என்றான். நான் விடவில்லை. ஆனால் எங்கே போவது என்று எனக்கும் தெரியாது. சம்பந்தமில்லாத கதவுகளைத் தட்டி ஏழு வாரத்தைத் தொலைத்தோம். ஒரு முக்கியமான கெடுவைக் கோட்டைவிட்டோம். அந்த ஏழு வாரம் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ராணுவத்தினர் மேல் வரும் புகாரை விசாரிப்பதற்கென்றே இந்த நாட்டில் ஓர் அலுவலகம் இருக்கிறது. மிலிட்டரி ஓம்பட் என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் குறைதீர்ப்பாளர். 2012-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சட்டம் அதை உண்டாக்கியது. யார் புகார் தரலாம் என்று சொல்லும் இடத்தில் அந்தச் சட்டம் 'பொதுமக்களில் ஒருவர்' என்றுதான் சொல்கிறது. குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

1. உங்களை நிறுத்தியது யார் என்று உறுதி செய்யுங்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். சீருடையும் துப்பாக்கியும் இருந்தால் நமக்கு எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறார்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு சீருடைக்கும் ஒரு தனிக் கதவு.

போலீஸோ மாநகர போலீஸோ அடித்தால் போக வேண்டிய இடம் ஐபிட் என்று அழைக்கப்படும் சுதந்திரப் போலீஸ் விசாரணை இயக்ககம். அவர்கள் ராணுவத்தினரை விசாரிக்க மாட்டார்கள். சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. தனியார் காவலாளி என்றால் அந்தத் துறைக்கென இருக்கும் சைரா ஆணையம். எல்லைப் பக்கம் இன்னொரு குழப்பம் உண்டு: எல்லை மேலாண்மை ஆணையத்தின் காவலர்களும் அங்கே சீருடையில் நிற்பார்கள். அவர்கள் ராணுவம் அல்ல, மிலிட்டரி ஓம்பட் அவர்களைத் தொட முடியாது.

எப்படிப் பிரித்தறிவது? உடையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். போலீஸின் சில சிறப்புப் பிரிவுகளும் புள்ளி போட்ட காட்டு உடை அணிவார்கள். வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கடைசி எழுத்து 'எம்' என்றால் ராணுவ வண்டி. 'பி' (B) என்றால் போலீஸ். என் தம்பிக்கு முழு எண் நினைவில் இல்லை. ஆனால் மண்ணில் கிடந்தபோது கண்ணுக்கு நேரே தெரிந்த அந்தக் கடைசி 'எம்' மட்டும் நினைவிருந்தது. அந்த ஓர் எழுத்துதான் எங்களைச் சரியான கதவுக்குக் கொண்டுபோனது.

போலீஸும் ராணுவமும் சேர்ந்து மறித்திருந்தால், யார் என்ன செய்தார் என்று பிரித்து எழுதி, இரண்டு இடத்துக்கும் தனித்தனிப் புகார் அனுப்புங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் இரண்டு பக்கமும் 'இது எங்களுடையது அல்ல' என்று ஒதுக்கிவைக்க வழி கிடைத்துவிடும்.

2. அன்றிரவே எழுதி வையுங்கள்

மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள். தமிழில் எழுதுங்கள், பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். என்னென்ன வேண்டும்:

- தேதி, நேரம், சாலையின் பெயர் அல்லது எண், பக்கத்தில் இருந்த கடை, பெட்ரோல் பங்க், பாலம்
- எத்தனை பேர், ஆணா பெண்ணா, மார்பில் தைத்திருந்த பெயர்ப்பட்டையில் படிக்க முடிந்த எழுத்துகள், தோள்பட்டைக் குறி
- அவர்கள் பேசிய சொற்கள், எந்த மொழியில்
- யார் என்ன செய்தார், எந்த வரிசையில்
- பார்த்தவர்கள், அவர்களின் தொலைபேசி எண்

நேரத்தை நிரூபிக்க நாம் நினைக்காத இடத்திலெல்லாம் காகிதம் கிடைக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது பெட்ரோல் போட்ட ரசீது. சம்பவ இடத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால் 5.42-க்கு எண்ணெய் போட்டிருக்கிறான். லோடு இறக்க வேண்டிய கடைக்காரர், வண்டி வரவில்லையே என்று 6.50-க்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அவர் போனில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதற்கு அந்த இரண்டும் வேலி போட்டதுபோல் நின்றன.

உடைந்த போனைத் தூக்கி எறியாதீர்கள். உறையில் போட்டு வையுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்காதீர்கள். வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள்.

3. காயம் இருந்தால் ஆஸ்பத்திரியும் போலீஸும்

ராணுவத்தான் அடித்தாலும் அடிப்பது குற்றம்தான். போலீஸ் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யுங்கள். வழக்கு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்; காஸ் எண் என்பார்கள். எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். 'ராணுவ விஷயம், ராணுவப் போலீஸிடம் போங்கள்' என்று யாராவது சொன்னால், பணிவாக, ஆனால் விடாமல், பதிவு செய்யும்படி கேளுங்கள். நிலையப் பொறுப்பு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெருங்குற்றங்கள் உள்நாட்டில் நடந்தால் அவை ராணுவ நீதிமன்றத்துக்குப் போகாது, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் வரும்.

போலீஸ் தரும் ஜே 88 என்ற படிவத்தை மருத்துவர் நிரப்ப வேண்டும். உடலில் எந்த இடத்தில் என்ன காயம் என்று படம் போட்டுக் குறிக்கும் படிவம் அது. கன்றிப்போன தழும்பு சில நாளில் மறைந்துவிடும். அதனால் அதே நாள் அல்லது மறுநாளே போங்கள். அதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், முகம் தெரிகிற மாதிரி ஒன்று, காயம் மட்டும் நெருக்கமாக ஒன்று. நாங்கள் நான்காம் நாள்தான் போனோம். முதுகில் மஞ்சள் கறை மட்டும் மிச்சம் இருந்தது. மருத்துவர் பார்த்ததைத்தானே எழுத முடியும்.

4. ஓம்பட் எதை எடுத்துக்கொள்வார்

பொதுமக்களான நமக்கு ஒரே வாசல்தான்: படையில் இருப்பவர் ஒருவர் கடமையில் இருந்தபோது நடந்துகொண்ட விதம். விடுமுறையில் வந்த சிப்பாய் மதுக்கடையில் சண்டை போட்டால் அது போலீஸ் வழக்கு. ராணுவத்தை ஏன் நம் ஊருக்கு அனுப்பினார்கள் என்ற கேள்வி அரசியல் கேள்வி. அதைப் பாராளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுக்கள்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே நீதிமன்றத்தில் நடக்கும் விஷயத்தையும் ஓம்பட் எடுக்க மறுக்கலாம்.

ஓம்பட்டுக்குச் சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கேட்கவும் அதிகாரம் உண்டு. இரு தரப்பையும் பேசவைத்துத் தீர்க்கவும் செய்யலாம். விசாரித்து முடித்துப் புகாரை ஏற்பார் அல்லது தள்ளுவார். ஏற்றால், என்ன நிவாரணம் தர வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சருக்குப் பரிந்துரைப்பார். பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது, யாருக்கும் காசோலை எழுதித் தர முடியாது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். விசாரிக்கிறவருக்கு இருக்கும் உறுதி, நிறைவேற்றும் இடத்தில் இல்லை.

அப்படியென்றால் எதற்குப் போக வேண்டும்? 2020 ஊரடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 10 அன்று ஜோஹன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் காலின்ஸ் கோசா என்பவர் தன் வீட்டிலேயே ராணுவத்தினரால் தாக்கப்பட்டு இறந்தார். படை தானே நடத்திய உள்விசாரணை சிப்பாய்கள் மேல் தவறில்லை என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓம்பட் அலுவலகத்தின் அறிக்கை, அவர்கள் நடந்துகொண்டது முறையற்றது என்று சொன்னது. படைக்குள்ளேயே விசாரித்து மூடிவிட்ட ஒன்றை வெளியிலிருந்து ஒருவர் திறந்து பார்த்து எழுத்தில் தர முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்த எழுத்துக்கு ஒரு கனம் இருக்கிறது.

5. பிரமாணப் பத்திரம்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். புகார்ப் படிவம் ஓம்பட்டின் இணையதளத்தில் கிடைக்கும். படிவத்தில் இடம் கொஞ்சம்தான். நடந்ததை விவரமாகப் பிரமாணப் பத்திரமாக எழுதி இணைத்தால் கோப்பு கெட்டியாகும்.

அதை எழுதிய இரவு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஐந்து பக்கம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் தம்பியிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் காலை போலீஸ் நிலையத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த அம்மா முதல் பக்கத்தைத் திருப்பினார், கையெழுத்தைப் பார்த்தார், காகிதத்தை அப்படியே எங்கள் பக்கம் தள்ளினார். "எனக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்." அவர் சொன்னது சரி. சத்தியம் வாங்கும் அதிகாரியின் கண்ணெதிரில் போட்ட கையெழுத்துதான் செல்லும். திரும்ப வீட்டுக்கு, திரும்ப அச்சு, திரும்ப வரிசை. ஒரு நாள் கூலி போச்சு.

அந்த அதிகாரி மூன்று கேள்வி கேட்பார்: இதில் உள்ளது தெரிந்து புரிகிறதா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, இந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்று கருதுகிறீர்களா. புரியாமல் தலையாட்டக் கூடாது. சத்தியம் செய்ய விருப்பமில்லை என்றால் உறுதிமொழி கொடுக்கலாம், அதற்கும் அதே மதிப்பு. அவர் கையெழுத்து, முழுப் பெயர், பதவி, முத்திரை எல்லாம் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் இருவரின் சுருக்கொப்பமும் இருக்கட்டும்.

மொழி விஷயம். இந்த நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இருக்கிறது. படிக்கும்போது மனசு நிறையும். ஆனால் தமிழ் ஆட்சிமொழி அல்ல. புகாரை ஆங்கிலத்தில் கொடுப்பதே வேகம். அம்மா, பாட்டி போல ஆங்கிலம் தெரியாதவர் சாட்சி என்றால், அவர் தமிழில் சொன்னதை மொழிபெயர்த்தவர் யார் என்பதையும், சரியாக மொழிபெயர்த்தேன் என்று அவர் சொல்வதையும் தனிப் பிரமாணமாக இணையுங்கள். சாட்சியின் வாயில் இல்லாத பெரிய ஆங்கிலச் சொற்களை நீங்கள் வைக்காதீர்கள். விசாரணையில் அதைப் பற்றிக் கேட்டால் அவர் முழிப்பார், சாட்சியம் கெடும்.

எழுதும் முறை: ஒரு பத்தியில் ஒரு செயல். 'மிருகத்தனமாக நடந்தார்கள்' என்று எழுதினால் அதில் விசாரிக்க ஒன்றுமில்லை. 'உயரமானவர் வலது காலால் என் முதுகின் நடுவில் இரண்டு முறை மிதித்தார்' என்று எழுதினால் விசாரிக்கலாம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

6. அனுப்புவதும் செலவும்

அலுவலகம் பிரிட்டோரியா பக்கம் சென்சூரியனில் இருக்கிறது. டர்பனிலிருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். நேரில் போக வேண்டியதில்லை, மின்னஞ்சலில் அனுப்பலாம். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. போலீஸ் நிலையத்தில் பிரமாணத்துக்கும் நகல் சான்றொப்பத்துக்கும் காசு கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கிறார், சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் செலவு அச்சு, நகல், பெட்ரோல், போன தினக்கூலி மட்டும்தான்.

இணைக்க வேண்டியவை: படிவம், பிரமாணப் பத்திரம், அடையாள நகல், ஜே 88 நகல், காஸ் எண், படங்கள், ரசீதுகள், சாட்சிகளின் பிரமாணம். மூலப் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், சான்றொப்பமிட்ட நகல் போதும். நகல் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து பக்க எண் போடுங்கள். பதினேழு தனிப் படங்களாக வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்பினால் ஏதாவது ஒன்று விடுபடும்.

கிடைத்தது என்ற பதிலும் குறிப்பு எண்ணும் வரும்வரை விடாதீர்கள். அதன்பின் ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சுக்கும் தேதி, பேசியவர் பெயர், சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

7. நஷ்டஈடு வேறு கணக்கு, ஆறு மாதம்தான்

நாங்கள் கோட்டைவிட்டது இதை. புகார் போய்விட்டது, போன் காசும் அதிலேயே வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தோம். எட்டாம் மாதம் தற்செயலாக ஒரு வக்கீலிடம் பேசியபோதுதான் தெரிந்தது.

அரசுத் துறை மேல் நஷ்டஈடு கேட்பதானால், 2002-ஆம் ஆண்டின் 40-ஆம் எண் சட்டப்படி முதலில் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சட்டம் 'கடன்' என்று சொல்லும் அந்த நஷ்டஈடு எழுந்த நாளிலிருந்து, அதாவது நம்மைப் போன்றவர்களுக்குச் சம்பவ நாளிலிருந்து, ஆறு மாதத்துக்குள். என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறோம் என்று அதில் இருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் வழக்குப் போட முடியும். பொதுவாக மூன்று ஆண்டில் உரிமையே காலாவதியாகிவிடும்.

ஓம்பட் புகார் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. போலீஸ் வழக்கும் நிறுத்தாது. ஆறு மாதம் தாண்டிவிட்டால் நீதிமன்றத்திடம் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அதற்கே வக்கீல் செலவு, எங்கள் போனின் விலையை எப்போதோ தாண்டிவிட்டது. விட்டுவிட்டோம். உங்களுக்குப் பெரிய காயம், வேலை இழப்பு, வண்டிச் சேதம் என்றால் முதல் மாதத்திலேயே வக்கீலைப் பாருங்கள். காசில்லை என்றால் லீகல் எய்ட் அலுவலகமோ, குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமோ போய்க் கேளுங்கள். இந்த ஆறு மாதத்தையே ஓம்பட் புகாருக்கும் உங்கள் கடைசிக் கெடுவாக வைத்துக்கொண்டு, அதற்குள் எல்லாவற்றையும் முடியுங்கள்.

8. காத்திருக்கும்போது

மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்குப் பதினொரு மாதம் ஆனது. நடுவில் கூடுதல் விவரம் கேட்டு இரண்டு முறை கடிதம் வந்தது. மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். வீடு மாறினால், சிம் மாற்றினால் உடனே தெரிவியுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் தேதியை முன்கூட்டியே எழுதுங்கள். தொடர்புகொள்ள முடியாமல் போனால் நல்ல புகாரும் தேங்கிப்போகும்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், 180 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். அதற்கு வக்கீல் தேவை.

9. படையிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு

டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் படையில் சேர்ந்த நம் பிள்ளைகளும் உண்டு. சம்பளம், பதவி உயர்வு, இடமாற்றம், மருத்துவம், ஓய்வூதியம் பற்றிய குறை என்றால் அவர்களும், படையை விட்டு வந்தவர்களும் ஓம்பட்டிடம் போகலாம். அவர்கள் சார்பில் இன்னொருவரும் போகலாம். ஆனால் இப்போது பணியில் இருப்பவர் முதலில் படைக்குள் இருக்கும் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் குறைதீர்ப்பு விதிகளின் வழியே போயிருக்க வேண்டும். அங்கே கொடுத்த மனுவின் நகல், பெற்றுக்கொண்ட முத்திரை, பதில், படை எண், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் வேண்டும். நேரே ஓம்பட்டிடம் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பலர் விழும் குழி, வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சமரச அமைப்பான சிசிஎம்ஏ. கடையில் வேலை போனால் அங்கே போகிறோமே, அதே பழக்கத்தில் போகிறார்கள். தொழிலாளர் உறவுச் சட்டம் படையினருக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொல்கிறது. பாதுகாப்புத் துறையில் சீருடை இல்லாமல் வேலை பார்க்கும் சிவிலியன் ஊழியர்களின் வழி வேறு, அவர்களுக்குத் தொழிலாளர் சட்டம் உண்டு.

தம்பிக்கு வந்த கடிதம் இரண்டு பக்கம். அன்று மாலை சாலையில் நடந்தது முறையற்றது என்று அதில் இருந்தது. போனுக்குக் காசு வரவில்லை. அவன் அந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பக்கியின் சூரிய மறைப்புக்குப் பின்னால், லைசென்ஸோடு சேர்த்துச் செருகி வைத்திருக்கிறான். போன வாரமும் அதே சாலையில் லோடு ஏற்றிப் போய்வந்தான்.